பட்டும் பட்டமும்

(ஆரணியில் கல்லூரி மாணவரிடையே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கல்லூரியின் இறுதியாண்டில் நிற்கும் இளைஞனை ஒரு வினா விடாது பின்தொடர்கின்றது. வீட்டில் தாய் கேட்கின்றாள். தெருவில் மாமன் கேட்கின்றார். விளக்கணைத்துப் படுத்தால் அவன் உள்ளமே கேட்கின்றது. "படிப்பு முடியப் போகின்றதே, அடுத்து என்ன?" என்பதே அவ்வினா.

இவ்வினா எல்லா ஊர் மாணவர்க்கும் பொதுவானதே. ஆயினும், ஆரணி நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு அதன் பளு மிகுதி. அவன் கல்லூரிக்குக் கட்டிய ஒவ்வோர் உருபாவும் குழித்தறியில் மிதித்த கால்களின் உழைப்பால் வந்தது. தந்தை நாடா ஓட்டினார். தாய் தார் சுற்றினாள். "நீயாவது இந்தக் குழியை விட்டு மேலேறு" என்று சொல்லிச் சொல்லியே அவனைப் படிக்க வைத்தனர். அவனும் மேலேறிவிட்டான். ஏறி நின்றபின் எத்திசையில் நடப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. பெற்றோர்க்கு அது தெரியாது. பாடத்திட்டத்தில் அது இல்லை. பட்டச் சான்றிதழிலும் அது எழுதப்படுவதில்லை. மகனுக்கு உள்ள இந்நிலையே மகளுக்கும் உண்டு. சொல்லப்போனால், மகளுக்கு விடை தேடக் கிடைக்கும் காலம் இன்னுங் குறைவு.

ஆகவே, வேலை, நூற்பயிற்சி, வாழ்க்கைத் திசை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எவ்வாறு இணைந்துள்ளன என்பதை இன்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்க. பிழைப்புக்கு வழி தேடுதல் இழிவன்று. "தமிழ் படி, வயிற்றைப் பற்றிக் கவலைப்படாதே" என்று மேடையில் முழங்கிவிட்டுப் போவது எளிது. அடுத்த திங்களுக்கு அரிசி வாங்க வேண்டியவர்க்கு அம்முழக்கம் பயன்படாது. இந்திய அரசு எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்புகளில், 2009-10இல் நாடு முழுதும் கைத்தறித் தொழிலில் இருந்தோர் 43 இலக்கத்து 31 ஆயிரவர். 2019-20இல் அவர்தொகை 35 இலக்கத்து 22 ஆயிரமாகக் குறைந்தது. பத்தாண்டில் எட்டு இலக்கம் பேர் தறியை விட்டனர் என்பது இதன் பொருள். பட்டுச்சேலை உள்ளிட்ட துணிவகைகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கும் சட்டம் 1985இல் இயற்றப்பெற்றது. இருந்தும், விசைத்தறியின் போட்டியும், பட்டுநூல் சரிகை ஆகியவற்றின் விலையேற்றமும், உழைப்புக்கேற்ற கூலியின்மையும் நெசவாளரைத் தொழிலினின்று தள்ளிக்கொண்டே வருகின்றன. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது பெருமைக்குரியது. ஆனால், குறியீடு பட்டுக்குக் கிடைத்ததேயன்றி, நெய்தவன் கலத்தில் சோறாக விழவில்லை. இந்நிலையில், நெசவாளர் மகன் வேலையைப் பற்றிக் கவலைப்படுவது முழுதும் ஞாயமே.

பிழை அக்கவலையில் இல்லை. அதற்குக் கொடுக்கப்படும் விடையில்தான் உள்ளது. "முதலில் வேலை, நிலைபெற்றபின் நூல், அதன்பின் திசை" என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைக்கின்றனர். வேலை கிடைக்கின்றது, நிலைபெறும் நாள் மட்டும் வருவதில்லை. இருபத்தோர் அகவையில் மூடிய பொத்தகம் அறுபது அகவை வரையில் மூடியே கிடக்கின்றது. திசை என்பது என்னவென்றே தெரியாமல் ஒரு வாழ்க்கை கழிந்துவிடுகின்றது.

பழந்தமிழர் இவ்வாறு பிரித்து அடுக்கவில்லை. கழக நூற்புலவர் பெயர்களைப் பாருங்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி விற்றவர். அறுவை என்பது ஆடைக்குப் பழம்பெயர். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தவசம் விற்றவர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் பொன்வேலை செய்தவர். உறையூர் மருத்துவன் தாமோதரனார் நோய் தீர்த்தவர். இவர்தம் தொழிற்பெயரைப் பாட்டுக்குப் பொருந்தாதது என்று யாரும் வெட்டி எறியவில்லை. பெயரின் முன்னே பெருமையாக வைத்துப் போற்றினர். கடையில் அமர்ந்தவன் பாடலாம் என்பதும், பாடியவன் கடைக்குத் திரும்பலாம் என்பதும் அன்று இயல்பாயிருந்தன.

இன்னுமொன்று. தமிழில் நெய்வதும் நூல், படிப்பதும் நூல். இவ்வொற்றுமையை நம் இலக்கணத்தார் நன்கு அறிந்திருந்தனர். நன்னூல் செய்த பவணந்தியார் தம் பாயிரத்தில், சொல்லைப் பஞ்சாகவும், நூலாசிரியனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகித்துக் காட்டுகின்றார். பனுவல் என்னும் சொல்லும் இவ்வாறே. நூலைக் குறிக்கும் அச்சொல் புறநானூற்றில் பஞ்சைக் குறித்து வந்துள்ளது. கற்றல் வேறு, கைத்தொழில் வேறு என்று கருதிய இனத்தில் இத்தகைய சொற்கள் தோன்றியிரா. ஆரணி மாணவன் தறியை விட்டு நூலுக்கு வந்தவன் அல்லன். ஒரு நூலினின்று மற்றொரு நூலுக்கு வந்தவன்.

பழங்காலத்தை மட்டும் காட்டினால், "அது அக்காலம்" என்று ஒதுக்குவோர் உண்டு. ஆகவே, கல்லூரியும் பட்டமும் வந்தபின் வாழ்ந்தோரைக் காண்போம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பெற்றது. அதன் முதற்பட்டம் பெற்ற இருவரும் யாழ்ப்பாணத் தமிழர். அவருள் ஒருவர், 1832இல் சிறுப்பிட்டியிற் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை. இந்நாட்டிற் பட்டம் பெற்றோரை விரல்விட்டு எண்ணக்கூடிய அக்காலத்தில், அவருக்கு எந்த அலுவலகக் கதவும் திறந்தேயிருந்தது. அவரும் வேலையை வெறுக்கவில்லை. ஆசிரியப் பணி செய்தார். அரசின் வரவு செலவுக் கணக்கு அலுவலகத்திற் பணியாற்றினார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். புதுக்கோட்டையில் முறைமன்ற நடுவராகவும் விளங்கினார். இவ்வளவுக்கும் இடையே ஓலைச்சுவடிகளை விடாது தேடினார். 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தையும், 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சிற் கொணர்ந்தார். எடுத்தால் ஓரம் உதிர்ந்தும், கட்டவிழ்த்தால் முறிந்தும் போன ஏடுகளின் நிலையை அவர் தம் பதிப்புரையில் எழுதியிருப்பதைப் படித்தோர் எளிதில் மறவார்.

இதில் மாணவர் கருத்திற் கொள்ள வேண்டியது யாது? பட்டத்துக்கும் கலித்தொகைப் பதிப்புக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உள்ளன. பட்டம் அவருக்கு வேலை தந்தது. வேலை உணவு தந்தது. திசையைத் தந்ததோ அவர் கையினின்று இறங்காத ஏடு. கணக்கு அலுவலகத்தில் அவரோடு பணியாற்றிய எத்துணைப் பேரை இன்று நாடு அறியும்? கணக்கெழுதிய கையே சுவடியையும் எழுதியதால் தாமோதரனார் வாழ்கின்றார்.

"அவர் பட்டம் பெற்றவர்; வசதியுற்றவர்" எனச் சிலர் கூறலாம். அவர்க்கு விடையாக நெசவாளர் ஒருவரையே காட்டலாம். 1906இல் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியிற் பிறந்த ம.பொ. சிவஞானம் பள்ளியிற் கற்றது மூன்றாம் வகுப்பு வரையிலேதான். வறுமை அவரைச் சிறு அகவையிலேயே நெசவுக்கு அனுப்பியது. பின்னர் அவர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பவரானார். ஈயவெழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் அவ்வேலையில், பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகப் படித்தார். 1942ஆம் ஆண்டு விடுதலைப் போராட்டத்தில் அமராவதிச் சிறையில் அடைபட்டார், உடல் நலிந்தது. அச்சிறையைத் தம் கல்லூரியாக்கிக் கொண்டு சிலப்பதிகாரத்தை ஆழ்ந்து கற்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் 'சிலம்புச் செல்வர்' ஆனார். தமிழரசுக் கழகங் கண்டார். தமிழகத்தின் வடவெல்லைக்குப் போராடினார். திருத்தணி இன்று தமிழ்நாட்டில் இருப்பதில் அந்நெசவாளர்க்கு உள்ள பங்கை வரலாறு மறைக்கவியலாது. அவர் கொள்கைகள் அனைத்தையும் ஏலாதாரும் அவர் கற்ற விதத்தைப் போற்றாதிருத்தல் முடியாது.

திசையை முன்கூட்டியே அறிந்துகொண்டு வேலையில் அமர்ந்தோர் மிகச் சிலரே. பெரும்பாலார்க்கு வேலையின் நடுவிலேயே திசை தெரிகின்றது. விருப்பமில்லாத வேலையிலுங்கூடத் தெரிகின்றது. சீகாழியில் 1892இற் பிறந்த சீ.இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியிற் கணக்கு கற்பித்தவர். 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பெற்றபோது, அப்பணி அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. வகுப்பறைக்கே திரும்பிவிட விழைந்தார். நூலகக் கல்வி பயில அவரை இங்கிலாந்துக்கு அனுப்பினர். அங்கே பல நூலகங்களைக் கண்டபின், நூல்களை மக்களிடம் சேர்ப்பதே தம் வாழ்க்கைப்பணி என்பது அவர்க்குத் தெளிவாயிற்று. 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வகுத்தளித்தார். 1933இல் புதிய நூற்பகுப்பு முறையை வெளியிட்டார். அவர்தம் முயற்சியின் விளைவாகச் சென்னை மாநிலத்திற் பொதுநூலகச் சட்டம் 1948இல் நிறைவேறியது. இன்று சிற்றூரிலும் ஒரு நூலகம் திறந்திருப்பதற்கு அதுவே அடிப்படை. பிடிக்காத வேலையை விட்டு ஓடியிருந்தால் அத்திசை அவருக்கு வாய்த்திராது. அவ்வேலையைச் சம்பளத்துக்காக மட்டும் செய்துகொண்டு சோம்பியிருந்தாலும் வாய்த்திராது.

இனி, ஆரணிக்கு அண்மையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆரணியும் ஆம்பூரும் முன்பு ஒரே வட ஆர்க்காட்டு மாவட்டத்து ஊர்கள். 1902இற் பிறந்து இளமையிலேயே பெற்றோரை இழந்த ஞா. தேவநேயன் ஆம்பூரிலே பள்ளிக்கல்வி பயின்றார். பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். கைநிறைந்த வேலை கிடைத்தது என்று அவர் அதனோடு அமையவில்லை. பள்ளியிற் பணியாற்றிக்கொண்டே புலவர் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதித் தேறினார். பணி அவரை ஊரூராக இழுத்துச் சென்றது. சென்றவிடமெல்லாம் உழவரும் குயவரும் தச்சரும் வழங்கும் சொற்களைச் செவிகொடுத்துக் கேட்டுத் தொகுத்தார். 1940இல் 'ஒப்பியன் மொழிநூல்' வெளிவந்தது. பின்னர் வேலையற்றிருந்த ஆண்டுகளிலும் ஆய்வை விட்டாரில்லை. 1974இல் தமிழக அரசு செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தை ஏற்படுத்தி அவரை இயக்குநராக்கியபோது அவருக்கு அகவை எழுபத்திரண்டு. 1981 சனவரியில் அவர் மறைந்தார். அகரமுதலியின் முதற்பகுதி 1985இலேயே வெளிவந்தது. அதை அவர் கண்ணாற் காணவில்லை. காணாவிடினும், அதன் ஒவ்வொரு பக்கத்திலும் அவர் உழைப்பு உள்ளது.

இந்நால்வர் வாழ்வும் ஒரே உண்மையையே உணர்த்துகின்றன. வேலை பாவு போன்றது; அது நீள வாட்டில் இறுகக் கட்டப்பெற்று அசையாது நிற்கும். நூற்பயிற்சி ஊடை போன்றது. நாள்தோறும் குறுக்கே ஓடி ஓடி ஒவ்வோர் இழையாகச் சேரும். பாவு மட்டும் நின்றால் அது துணியாகாது. ஊடை மட்டும் இருந்தால் அது தாரிலேயே சுற்றிக்கிடக்கும். இரண்டும் சேர்ந்து நெய்யப்படும்போதே கரையும் கோலமும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அக்கோலமே வாழ்க்கைத் திசை. தறியில் அமரும் முன்னரே முழுச் சேலையையும் கண்டுவிட வேண்டும் என்று அடம்பிடிக்கும் நெசவாளி உண்டோ?

அங்ஙனமாயின், இறுதியாண்டு மாணவர் நாளையே செய்யத்தக்கவை யாவை?

ஒன்று: நாள்தோறும் ஒரு மணிநேரம் பாடத்துக்கும் தேர்வுக்கும் புறம்பான ஒரு நூலைப் படித்தல். எத்தொழிலில் அமர்ந்தாலும் இவ்வொரு மணியை விட்டுக்கொடாதிருத்தல். நூல் வாங்கப் பணமில்லை என்னும் சாக்கு இன்று செல்லாது. ஊர் நூலகம் உள்ளது. கையில் உள்ள கைப்பேசியிலேயே தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தைத் திறந்து, தாமோதரனார் அலைந்து தேடிய நூல்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். ஏட்டைத் தேடி ஊரூராய் நடந்தது ஒரு தலைமுறை. விரலால் தொட்டால் ஏடு திறப்பது இத்தலைமுறைக்கு. திறப்பார்தாம் குறைவு.

இரண்டு: கற்கும் துறையைத் தமிழில் எண்ணப் பழகுதல். வணிகவியலோ வேதியலோ எதுவாயினும், கற்றதைத் தன் தாய்க்கு விளங்குமாறு தமிழிற் சொல்ல முடியாதவன் அதை இன்னும் கற்கவில்லை என்று பொருள். தமிழ் சோறு போடாது என்போர் நடப்பையும் அறிக. தமிழ்வழி பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010இல் இயற்றப்பெற்றது. பள்ளிக்காலமும் தமிழ்வழியிலேயே இருத்தல் வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பெற்றது. அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளில் 40 விழுக்காடேனும் பெற்றுத் தேறுதல் வேண்டும் என்னும் ஆணை 2021இற் பிறந்தது. இவை போதா என்பது உண்மை. ஆயினும், தமிழைக் கைவிட்டவன் வாயில்களைத் தானே அடைத்துக்கொள்கின்றான் என்பதற்கு இவை சான்று.

மூன்று: இது ஆரணி மாணவர்க்கே உரிய பணி. பிற ஊரார் வந்து இதைச் செய்தல் அரிது. தறியோடு தறிச்சொற்களும் அழிந்துகொண்டிருக்கின்றன. பாவு, ஊடை, தார், விழுது, அச்சு, படமரம், கோர்வை என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனிச் சொல் வைத்திருந்தனர் நெசவாளர். இன்று கடையில் முந்தியைப் 'பல்லு' என்கின்றனர். கரை 'பார்டர்' ஆயிற்று. நிறம் 'கலர்' ஆயிற்று. கோலம் 'டிசைன்' ஆயிற்று. நெய்கின்ற தந்தையின் வாயில் இன்னும் இருக்கும் சொல், விற்கின்ற மகனின் வாயில் இல்லை. அத்தந்தை தறியை விட்டிறங்கும் நாளில் அச்சொல்லும் இறங்கிவிடும். அதன்பின் எந்தப் பல்கலைக்கழகமும் அதை மீட்டுத் தர இயலாது.

இதற்கும் முன்னோடி உண்டு. இடைசெவல் என்னும் சிற்றூரின் உழவரான கி. இராசநாராயணன் கல்லூரியிற் பயின்றவர் அல்லர். தம் கரிசல் நிலத்து மக்களின் சொற்களைத் தொகுத்து 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை வெளியிட்டார். பட்டமில்லாத உழவர் ஒருவர் தம் மண்ணுக்குச் செய்ததைப் பட்டம் பெறவிருக்கும் ஆரணி மாணவர் தம் தறிக்குச் செய்யலாகாதா? ஒரு சுவடியும் எழுதுகோலும் போதும். விடுமுறை நாளில் தந்தையின் தறியருகே அமர்ந்து, "இதற்கு என்ன பெயர், அப்பா? இதை ஏன் இவ்வாறு கட்டுகிறீர்கள்?" என்று கேட்டு எழுதினாற் போதும். சொல், அதன் பொருள், அது வழங்கும் இடம், சொன்னவர் அகவை ஆகிய நான்கையும் குறித்துக்கொள்க. அண்டைத் தெருவிலும் கேட்டு ஒப்பிடுக. ஓராண்டில் ஓர் அரிய தொகுப்பு உருவாகும்.

அத்தொகுப்பால் தமிழுக்கு விளையும் நன்மை ஒருபுறமிருக்க, வீட்டில் விளையும் நன்மையையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளை படித்துவிட்டான், இனி நம்மை மதிப்பானோ என்று உள்ளுக்குள் அஞ்சியிருக்கும் தந்தை, தம்மிடம் மகன் பாடங்கேட்க வருவதைக் காண்பார். குழிக்குள் அமர்ந்தவர் ஆசிரியராவார். குழியை விட்டு மேலேறியவன் மாணவனாவான். கல்விக்குச் செலவிட்ட பணத்துக்கு அவர் பெறக்கூடிய கைம்மாறு இதனினும் பெரிது ஏது?

மாணவச் செல்வங்களே! உங்களுட் சிலர் அரசு அலுவலராவீர்; சிலர் பெருநகர்க்குச் செல்வீர்; சிலர் கடல் கடப்பீர்; சிலர் தறிக்கே திரும்பிப் புதுமுறையில் அதை நடத்துவீர். எதுவாயினும் நன்றே. தறியில் ஒரு பாவு முடியும்போது அதை அறுத்தெறிந்துவிடுவதில்லை. பழம்பாவின் கடைசியிழை ஒவ்வொன்றோடும் புதுப்பாவின் முதலிழையை ஒவ்வொன்றாகப் பிணைத்த பிறகே அடுத்த சேலையைத் தொடங்குகின்றனர். அவ்வேலை நேரமெடுக்கும்; கண் வலிக்கும்; ஆனால் அதைச் செய்யாமல் தறி ஓடாது. பெற்றோர் நெய்து முடித்த வாழ்க்கைக்கும் நீங்கள் நெய்யவிருக்கும் வாழ்க்கைக்கும் இடையே அப்பிணைப்பைச் செய்வதே இறுதியாண்டின் கடமை. அதைத் தமிழாற் செய்யுங்கள். நூலைக் கீழே வையாது செய்யுங்கள்.

வாழ்க தமிழ்! வளர்க உழைப்பு!